புல்லட்டில் கோன் ஃபில்டரும் ஜெட் கிட்டும்: ஏழு வருஷக் கதை

அப்பா 2003இல் வாங்கிய புல்லட் ஸ்டாண்டர்ட் 350தான் இன்னும் என் வண்டி. 346 சிசி காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது காலில் கியர், காற்றையும் பெட்ரோலையும் கலக்க மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டர். 2018இல் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு கிளட்ச் பிளேட் வாங்கப் போனவன், கூடவே கூம்பு வடிவக் காற்று வடிகட்டியான கோன் ஃபில்டர் ஒன்றும் ஜெட் கிட்டும் வாங்கிக்கொண்டு சேலம் திரும்பினேன். ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகு; எண் கூடினால் பெட்ரோல் கூடும். கிட்டில் 90 முதல் 115 வரை ஆறு மெயின் ஜெட், மூன்று பைலட் ஜெட். எதை எங்கே போடுவது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அன்று சாயங்காலமே பழைய ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு கோனை மட்டும் மாட்டினேன். ஆக்சிலரேட்டரைத் திருகினால் கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு உறுமல் வந்தது. அதற்கே காசு சரியாகப் போச்சு என்று நினைத்தேன். இரண்டு நாளில் ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். “காத்து மட்டும் ஜாஸ்தி விட்டா போதுமா தம்பி, சோறு யாரு போடறது?” என்றார்.

விஷயம் அதுதான். பழைய டப்பா காற்றைக் கொஞ்சம் தடுக்கும்; அந்தத் தடையால் கார்புரேட்டருக்குள் உறிஞ்சும் விசை கூடி, பெட்ரோலையும் நன்றாக இழுக்கும். தடையை எடுத்துவிட்டால் காற்று கூடும், பெட்ரோல் இழுவை குறையும். கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் பற்றாமல், இன்ஜின் சூடாகும். ஜெட் மாற்றாமல் ஃபில்டர் மட்டும் மாற்றுவது அரை வேலைகூட இல்லை, கெடுதல்.

சரி என்று எடுத்த எடுப்பில் 105 மெயின் ஜெட்டைப் போட்டேன். எதுவுமே மாறவில்லை! காரணம் புரிய ஒரு மாதம் ஆனது. ஆக்சிலரேட்டர் பிடியில் ஒரு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது என் கை அரைக் கோட்டைத் தாண்டவே இல்லை. மெயின் ஜெட்டின் ஆட்சியோ முக்கால் திருகலுக்கு மேல்தான். அதற்குக் கீழே கால் முதல் முக்கால் வரை, ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசி; கால் வரை பைலட் ஜெட்டும், அதற்குக் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவும். ஆறு மெயின் ஜெட் கொடுத்த கிட்டில் ஊசிக்கென்று ஒன்றும் இல்லை. நாம் அன்றாடம் ஓட்டுவது ஊசியிலும் பைலட்டிலும். கடையில் விற்பது மெயின் ஜெட்.

ஊசியின் உயரத்தை அதன் காடிகளில் மாட்டும் கிளிப்தான் தீர்மானிக்கும். அந்தக் கிளிப்பை மேலிருந்து மூன்றாவது காடியிலிருந்து நான்காவதுக்கு இறக்கினேன். கிளிப் இறங்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். காசு செலவில்லாத அந்தப் பத்து நிமிட வேலையில்தான் வண்டியே மாறியது. மூன்றாவது கியரில் முன்பு இருந்த தயக்கம் போய்விட்டது.

பைலட்டுக்கு ஏர் ஸ்க்ரூ சொல்வதைக் கேட்டால் போதும். முழுக்க மூடிவிட்டு ஒன்றரைச் சுற்று திறந்து, ஐட்லிங் எங்கே சீராக ஏறுகிறது என்று மெதுவாகத் திருகிப் பார்க்க வேண்டும். எனக்கு அரைச் சுற்றிலேயே நின்றது. ஒரு சுற்றுக்குள் நின்றால் பைலட் சிறிசு என்று அர்த்தம். 25ஐ எடுத்துவிட்டு 30 போட்டதும் ஒன்றே முக்காலில் வந்து உட்கார்ந்தது.

மெயின் ஜெட்டுக்குச் சோதனைக் களம் தொப்பூர் கணவாய். விடியற்காலையில் சேலத்திலிருந்து ஏறும்போது முழுத் திருகல், பிறகு கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரமாக நிறுத்திப் பிளக்கைப் பார்ப்பது. 105இல் கரி, அதாவது பெட்ரோல் அதிகம்; 100இல் காப்பிப் பொடி நிறம், அதுதான் சரி. இடையில் ஒரு கூத்து: ஒரு 100 ஜெட் அடைத்துக்கொண்டது என்று ஊக்கை விட்டுக் குடைந்தேன். அதன் பிறகு அது 100 இல்லை. என்ன எண் என்று யாருக்கும் தெரியாது. வேறொரு கடையில் மாற்று வாங்கினால், அதிலும் 100 என்றுதான் பொறித்திருந்தது, ஆனால் வண்டி கரி கக்கியது. அப்புறம் ஜெட்டைக் காற்றடித்து மட்டும்தான் சுத்தம் செய்கிறேன்.

பலன்? டாப் ஸ்பீடில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. நடுவாந்திரப் பிக்கப் நன்றாகவே கூடியது. மைலேஜ் 36இலிருந்து 31க்கு இறங்கியது. ஏற்காடு போனால் இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டும்போது வண்டி கொஞ்சம் மந்தமாகும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. கலவை ரிச் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் மிஞ்சிவிடும். ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருகினால் ஐட்லிங்காவது சரியாகும்.

கோன் ஃபில்டரோடு எனக்குக் கசந்தது மழையிலும் புழுதியிலும்தான். லாரி பக்கத்தில் வேகமாகக் கடந்தால் அந்தக் காற்றுக்கே இன்ஜின் ஒரு நொடி திணறும். மழையில் நனைந்தால் மூச்சு முட்டும். 2021இல் கார்புரேட்டரைக் கழற்றியபோது உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடில் முகப்பவுடர் போல மெல்லிய மண். ஃபில்டரில் எண்ணெய் சரியாகத் தடவாதது என் தவறாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்த மண் அடுத்துப் போவது சிலிண்டருக்குள். அன்றே பழைய டப்பா, பழைய ஜெட்டுகள், மூன்றாவது காடி. உறுமல் போனதில் வருத்தம்தான், மறைக்கவில்லை.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். 2025இல் பெட்ரோல் பங்க்குகளில் எல்லாம் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, ஒரிஜினல் டப்பா மாட்டிய அதே வண்டியில் பழைய பட் பட் திரும்பியது. பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது போதும். எத்தனால் கலந்தால், அதே ஜெட்டில் காற்று தேவைக்கு மிஞ்சி, கலவை லீன் ஆகும். புது வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். என் விஎம்24க்கு நான்தான் சென்சார். அட்டைப் பெட்டியில் கிடந்த கிட்டைத் தேடி எடுத்தேன்.

இப்போது ஒரிஜினல் டப்பா, 95 மெயின், 27.5 பைலட், நான்காவது காடி, ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று. மைலேஜ் 33. காலையில் இரண்டாவது உதையில் எடுக்கிறது. இரண்டு வாரம் ஓட்டாமல் விடுவதானால், பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டுத்தான் நிறுத்துகிறேன். இல்லாவிட்டால் பைலட் அடைத்துக்கொள்கிறது. கோன் ஃபில்டரைப் பக்கத்துத் தெரு ஆர்எக்ஸ்100 பையன் கேட்டான். மெயின் ஜெட் எத்தனை வைத்திருக்கிறாய் என்று முதலில் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.