அமிர்தசரஸ் பிரிவினை அருங்காட்சியகம்: அரை மணியில் பார்த்துவிட்டு வரும் இடமல்ல

பொற்கோயிலுக்குப் போகும் ஹெரிடேஜ் ஸ்ட்ரீட் தொடங்கும் இடத்தில், பழைய டவுன் ஹால் கட்டடத்தில் இருக்கிறது. ஜாலியன்வாலா பாக்கிலிருந்து நடந்தே வந்துவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை. இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். இங்கே உயிரான பகுதி, பிரிவினையை நேரில் அனுபவித்தவர்கள் திரைகளில் தரும் பேட்டிகள்தான். பெரும்பாலும் இந்தியிலும் பஞ்சாபியிலும் பேசுகிறார்கள். கீழே ஆங்கில வரிகள் ஓடும். நின்று கேட்காவிட்டால் சுவரில் இருப்பதை வாசித்ததோடு சரி.

இது முழுமையாகத் திறக்கப்பட்டது 2017 ஆகஸ்ட் 17 அன்று. 1947இல் இந்தியா-பாகிஸ்தான் எல்லைக்கோடு வெளியானதும் அதே தேதியில்தான், அதாவது சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து! கோட்டை வகுத்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் சிரில் ராட்கிளிஃப் இந்தியா வந்து சேர்ந்தது ஜூலை 8. ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி எல்லை ஆணையம், தலைவர் அவர்தான். ஒவ்வொரு ஆணையத்திலும் இருந்த நான்கு நீதிபதிகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்றதால் முடிவு அவர் ஒருவர் கைக்கே போனது. தற்காலிகப் பிரிப்பில் பாகிஸ்தான் பக்கம் வைக்கப்பட்டிருந்த குர்தாஸ்பூர் மாவட்டத்தில், ஷக்கர்கர் நீங்கலாக மற்ற மூன்று தாலுகாக்களும் இந்தியாவுக்கு வந்தன. வங்காளத்திலும் இப்படியே தற்காலிகப் பிரிப்புக்கு நேர்மாறாக முர்ஷிதாபாத் இந்தியாவுக்கும் குல்னா பாகிஸ்தானுக்கும் போயின. தன் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமலே ஜனங்கள் சுதந்திர தினத்தைக் கடந்தார்கள். இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போனால் வரைபட அறை வேறு மாதிரி தெரியும்.

கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவை வீட்டுச் சாமான்கள். ஒரு பெண்ணின் புல்காரிப் பூவேலை மேலங்கி, ஓர் ஆணின் தோல்பெட்டி. இருவருக்கும் முன்பே நிச்சயமாகியிருந்தது. கலவரம் ஆளுக்கொரு பக்கம் அடித்துப்போட, அமிர்தசரஸ் முகாமில் சாப்பாட்டு வரிசையில் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். மிஞ்சியதில் அவளுக்கு அந்த அங்கி. அவருக்குச் சான்றிதழ்களும் சொத்துப் பத்திரமும் அடங்கிய அந்தப் பெட்டி. இடம்பெயர்ந்தவர்கள் ஒன்றேகால் கோடிக்கு மேல் என்பார்கள். செத்தவர்கள் கணக்கு 2 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை ஆளுக்கு ஆள் மாறும். அந்த எண்கள் உறைக்காத இடத்தில் இந்தப் பெட்டி உறைக்கிறது.

பிறகு கிணறு. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி பக்கம் தோஹா கால்சா கிராமத்தில் கலவரத்தின்போது மானத்துக்குப் பயந்து பெண்கள் குதித்த கிணற்றை நினைவுபடுத்தும் அமைப்பு. குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த அறையை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. குதிக்காமல் தப்பியவர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கலவரங்களில் கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1949இல் இந்தியா ஒரு சட்டம் போட்டது. போலீஸ் வாரண்ட் இல்லாமலே அழைத்துப் போகலாம்; போக மாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னாலும் எடுபடாது. இரு நாடுகளிலுமாக ஏறத்தாழ 30,000 பேர் மீட்கப்பட்டார்கள். புதுக் குடும்பத்தில் பிள்ளை பெற்றிருந்தவர்கள் இரண்டாம் முறையும் பிடுங்கி நடப்பட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் அந்தக் கிணற்றருகே கொஞ்ச நேரம் கூடுதலாகவே நிற்பார்கள்.

ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்கள் கொடுத்தவை. 1947க்கு முன் இதே அமிர்தசரஸில் ஏறத்தாழப் பாதிப்பேர் முஸ்லிம்கள். அவர்கள் விட்டுப்போன தெருக்கள் டவுன் ஹாலைச் சுற்றித்தான் இருக்கின்றன. அந்தக் குரல் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். வங்காளத்துக்கும் இடம் போதவில்லை.

காலையில் இங்கே, மாலையில் வாகா எல்லையில் நடக்கும் கொடியிறக்கம் என்று ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கூச்சலில் காலையில் கேட்ட பேட்டிகள் அமுங்கிப்போகும். கடைசி அறையில் ஒரு மரம் இருக்கிறது. இலை வடிவக் காகிதத்தில் எழுதி அதில் தொங்கவிடலாம். அமிர்தசரஸ் வரை போக முடியாதவர்களுக்கு டில்லி காஷ்மீரி கேட் பக்கம், தாரா ஷிகோ நூலகக் கட்டடத்தில் 2023இல் திறந்த இன்னொரு பிரிவினை அருங்காட்சியகம் உண்டு. சிந்து மாகாணத்தை இழந்தவர்களுக்கு அங்கே தனிக் கூடமே இருக்கிறது.