கார்ட் கவர் வாங்கும்போது முதலில் பெல்ட்டைப் பாருங்கள்

மகளுக்கு இப்போது 11 மாதம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். பிடிமானம் இல்லாமல் உட்காரத் தொடங்கிய 7ஆம் மாதத்திலிருந்து, கடைக்குப் போனால் ஷாப்பிங் கார்டில், அதாவது சாமான் தள்ளுவண்டியில், குழந்தை இருக்கை மேல் துணிக் கவர் விரித்துத்தான் அவளை உட்கார வைக்கிறேன். இதுவரை இரண்டு கவர் வாங்கினேன். முதலாவது 45 டாலர், இரண்டாவது 28. கையில் இருப்பது இரண்டாவதுதான்.

இதெல்லாம் தேவையா என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்த வாரமே பாப்பா குனிந்து கார்ட் கைப்பிடியை வாய் நிறையக் கவ்விக்கொண்டாள். பல் முளைக்கிற நேரம். சிவப்புப் பிளாஸ்டிக் மேல் எச்சில் கோடாக வழிந்தது. எனக்கு முன்னால் அதைப் பிடித்தவர் கோழி பாக்கெட்டை எடுத்துப் போட்ட கையோடு பிடித்திருக்கலாமே! அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கு வரும் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமிகளின் தொற்றுகளை ஆராய்ந்தவர்கள், பச்சை இறைச்சிக்குப் பக்கத்தில் குழந்தை கார்டில் உட்கார்ந்து போவதையும் ஆபத்துகளில் ஒன்றாகக் கண்டிருக்கிறார்கள். கவர் இருந்தாலும் கோழி, மீனை நான் கார்டின் அடித்தட்டில்தான் வைப்பேன்.

முதல் கவர் பார்க்க அவ்வளவு அழகு. மெத்து மெத்தென்று பஞ்சு, குட்டித் தலையணை, தொங்கும் யானைப் பொம்மை. ஆனால் கார்டின் சொந்த பெல்ட்டை வெளியே எடுக்க அதில் துளையே இல்லை. பெல்ட் கவருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். குழந்தையைக் கட்டுவதற்குக் கவரில் ஒரு பெல்ட் தைத்திருந்தார்கள். அந்தக் கவரைக் கார்டோடு கட்டத்தான் ஒன்றும் இல்லை, ஓரத்து எலாஸ்டிக் மட்டும். தக்காளி பொறுக்கத் திரும்பினேன். அவள் எக்கி எழுந்தாள், மெத்தையும் அவளோடு வழுகியது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா, "ஏட்டி, புள்ளயப் புடி!" என்று கத்திக்கொண்டே அவள் இடுப்பைப் பிடித்துவிட்டாள். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்கும். 1990 முதல் 2011 வரை நடந்ததைத் தொகுத்த ஒரு ஆய்வின்படி, ஷாப்பிங் கார்டால் அடிபட்டு இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 24,000 பிள்ளைகள் அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறார்கள். பத்தில் ஏழு பேர் கார்டிலிருந்து விழுந்தவர்கள்.

இரண்டாவது கவர் மெல்லிய பருத்தித் துணி, பொம்மை கிடையாது. இடுப்பு உயரத்தில் இரண்டு பக்கமும் கீறல் மாதிரி துளை, அது வழியாகக் கார்டின் பெல்ட்டை இழுத்துப் பூட்டலாம். கவரைக் கட்ட, இருக்கையின் முதுகைச் சுற்றி வரும் தனி வாரும் உண்டு. வாங்கும்போது இந்த இரண்டையும் விரலை விட்டுப் பாருங்கள், பூப்போட்ட துணியை அப்புறம் பார்க்கலாம்.

காஸ்ட்கோ என்ற பெரிய கடையின் கார்டில் இரண்டு பிள்ளைகள் உட்காரும் அகல இருக்கை. சாதாரண அளவுக் கவர் அங்கே பாதியில் நின்றுவிடும். இது இழுத்தால் எட்டுகிறது. ஹோட்டலில் கொடுக்கும் மரத்தாலான உயர நாற்காலிக்கும் சரியாக உட்காருகிறது. பருப்புச் சாதம் கொட்டினால் மெஷினில் போட்டுவிடுவேன், ராத்திரி காயப்போட்டால் காலையில் ரெடி.

குறை ஒன்று உண்டு. கால் விடுகிற துளை சின்னது. குளிர்காலத்தில் பூட்ஸ் போட்ட கால் அதில் சிக்குகிறது. பூட்ஸைக் கழற்றி என் கோட் பையில் போட்டுக்கொண்டு, வெறும் சாக்ஸோடுதான் அவளை உட்கார வைக்கிறேன்.