நெடுந்தீவுக்கு மூன்று முறை: திருநெல்வேலியிலிருந்து கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

2020 ஜனவரி, 2023 பிப்ரவரி, 2025 மார்ச் என மூன்று முறை, இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நெடுந்தீவுக்குச் சென்று வந்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் இத்தீவைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட முடியுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முடியும், முதல் முறை நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் காலைப் படகில் சென்று பிற்பகல் படகில் திரும்பும்போது நமக்குக் கிடைப்பவை உச்சிவெயில் கொளுத்தும் மூன்று நான்கு மணி நேரம் மட்டுமே. தீவில் திரியும் குதிரைகள் நிழல் தேடி ஒதுங்கியிருக்கும் நேரமும் அதுதான். ஓர் இரவாவது தங்கும்படி திட்டமிட முடியாதவர்கள், பயணத்தையே வேறொரு வருடத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்பேன்.

யாழ்ப்பாணம் வரை செல்வது இப்போது எளிதாகிவிட்டது. அங்குள்ள பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு சென்னையிலிருந்து நேரடி விமானம் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. முதல் இரண்டு பயணங்களுக்கும் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை சென்று விமானம் ஏறினேன். மூன்றாவது முறை நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பலைத் தேர்ந்தெடுத்தேன். ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடற்பயணம் அது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இக்கப்பல் நிறுத்தப்படும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இதை நம்பிக் கிளம்ப வேண்டாம். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே அரசு இணையதளத்தில் அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பேருந்து செல்கிறது. அதே துறையிலிருந்து நயினாதீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. அங்குள்ள நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரை என்ற பௌத்தக் கோயிலுக்கும் செல்லும் கூட்டம் வார இறுதியிலும் பௌர்ணமி நாளிலும் மிக அதிகமாக இருக்கும். அந்த வரிசையில் தவறுதலாக நின்றுவிட்டால் நெடுந்தீவுப் படகு கண்ணெதிரே கிளம்பிவிடும். படகு நேரம் கடல்நிலையைப் பொறுத்து மாறுவதால், முந்தின இரவே தங்குமிடத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு அரைமணி நேரமாவது முன்னதாகச் சென்று சேருங்கள். முதல் முறை நான் கடைசியில் ஏறியதால் கீழறையில்தான் இடம் கிடைத்தது. டீசல் வாடையிலும் அலையின் ஆட்டத்திலும் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அடுத்த இரண்டு பயணங்களிலும் முன்கூட்டியே சென்று காற்றுப்படும் இடத்தில் அமர்ந்ததால் எந்தத் தொந்தரவும் இல்லை.

எந்த மாதத்தில் செல்வது என்பதற்கு நம் ஊர்க் கணக்கு ஒன்றே போதுமானது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் அங்கே சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக வீசும். கடல் முரடாகவே இருக்கும். மார்கழி கடந்த பிறகு, தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம். மழைநீர் குளங்களில் நிற்கும், புல்வெளி பச்சையாக இருக்கும், குதிரைகள் கூட்டமாக மேயும். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்த கட்டைக் குதிரைகள் இவை. கோடையில் குளங்கள் வற்றும்போது தாகத்தில் இவை செத்துவிழுவதும் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, வண்டியை அருகே ஓட்டிச்சென்று விரட்டிப் படமெடுக்க மனம் வராது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தீவின் கிணறுகளில் பெரும்பாலானவை உவர்நீர்க் கிணறுகள். 2023இல் தங்கிய வீட்டில், கிணற்றடி வாளியிலிருந்து நான் ஒரு செம்பு மொண்டு குடிக்கப்போனபோது அந்த வீட்டு ஆச்சி ஓடிவந்து, “தம்பி, அது குளிக்கிற தண்ணி. குடிக்கிற தண்ணி அங்கால இருக்கு” என்று தடுத்தார். அடுப்படி மூலையில் துணியால் மூடிவைத்திருந்த ஒரே ஒரு குடத்தைக் காட்டினார். அதிலிருந்து எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்ததை நினைக்கையில் இன்றும் கூச்சமாக இருக்கிறது. அதன் பிறகு ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிநீரை யாழ்ப்பாணத்திலிருந்தே சுமந்து செல்கிறேன். காலி போத்தல்களைத் திரும்ப எடுத்து வருகிறேன்.

தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் என்பதால் நடந்து சுற்ற இயலாது. ஆட்டோ கிடைக்கும். 2023இல் எரிபொருள் பங்கீடு நடைமுறையில் இருந்ததால் வாடகைச் சைக்கிளில் சுற்றினேன்; அதுவே எனக்குப் பிடித்த வழியாகிவிட்டது. மருத்துவமனைக்குப் பின்புறம் இடிந்து நிற்கும் கோட்டை, புறாக்கூடு, உள்ளே சிலர் நிற்குமளவு பொந்து விழுந்த பெருக்குமரம் (பாவோபாப்) ஆகியவற்றை ஆட்டோக்காரர்களே காட்டிவிடுவார்கள். அவர்கள் நிறுத்தாத இடங்களில் இறங்கிப் பார்க்கத்தான் சைக்கிள் வேண்டும். வேலிகளுக்குப் பதிலாகத் தீவெங்கும் பவளக்கல் சுவர்கள் உள்ளன. சுண்ணாம்போ மண்ணோ இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கப்பட்டவை அவை. கிட்டச் சென்று பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் தேனடைபோலச் சிறு துளைகள், பூவிதழ் வடிவில் வரிகள். தேரிக்காட்டுப் பனைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தச் சுவர்களுக்கு மேலே வரிசையாகப் பனைகள் நிற்பதைக் காண ஊருக்கே வந்துவிட்டாற்போல இருந்தது.

இறங்குதுறைக்கு அருகில் குமுதினிப் படகு நினைவிடம் உள்ளது. 1985 மே 15 அன்று அப்படகில் சென்ற பலர் கொல்லப்பட்டார்கள். தீவில் அவர்களுடைய குடும்பத்தார் இன்னும் வாழ்கிறார்கள். அங்கே நின்று தற்படம் எடுக்காதீர்கள்.

தேவையான இலங்கை ரூபாயை யாழ்ப்பாணத்திலேயே மாற்றி, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு கையிலேயே இருக்கட்டும். மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் காலையில் இறங்கியவுடனே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் போனால் சமைத்துவைத்திருக்க மாட்டார்கள். தங்கும் வீட்டாருக்குக் கொடுக்க ஏதாவது எடுத்துச் செல்ல விரும்பினால் உடன்குடிக் கருப்பட்டி நல்லது. நாம் கருப்பட்டி என்பதை அவர்கள் பனங்கட்டி என்கிறார்கள். குட்டான் என்னும் சிறு பனையோலைப் பெட்டியில் ஊற்றி எடுப்பார்கள். 2025இல் நான் கொண்டுபோன கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்ட அதே ஆச்சி, சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல் சுவைத்துவிட்டு, உள்ளே சென்று இரண்டு குட்டான் பனங்கட்டியைக் கொண்டுவந்து என் பையில் வைத்தார்.