காவிரி நீர்நாயா, குடகு நீர்நாயா?

பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் நீர்நாய் பார்க்கக் கிளம்பினால் இரண்டு வழி. பீமேஸ்வரி அருகே காவிரியில் இருப்பது பெரியது: 7 முதல் 11 கிலோ, தட்டையான வால். கூட்டமாகச் சேர்ந்து மீனை வளைத்துப் பிடிக்கும்; பகலிலேயே வரும். கரையேறியதும் மணலில் புரண்டு ரோமத்தைத் துவட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

குடகு மலை ஓடைகளில் இருப்பது சின்னது, 5 கிலோவைத் தாண்டாது. நண்டு என்றால் அதற்கு உயிர். நகம் பேருக்குத்தான், விரல்களாலேயே கல் இடுக்கில் துழாவி நண்டை இழுத்துவிடும். ஆனால் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் நடமாட்டம். நண்டு ஓட்டுத் துணுக்குகள் கலந்த எச்சத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

குழந்தைகளோடு என்றால் காவிரிதான். அப்புறம், அங்கே முதலையும் உண்டு. தண்ணீரில் இறங்க வேண்டாம்.