அபாச்சியா, சோஃபாவா? எங்கள் ஐசியூ சார்ட்டில் நின்றது எது

கடலூரில் நான் வேலை பார்க்கும் ஐசியூவில் இறப்பு அபாயத்தைக் கணிக்க அபாச்சி 2, சோஃபா என்ற இரண்டு மதிப்பெண் முறைகளையும் கொஞ்ச காலம் சேர்த்தே போட்டுப் பார்த்தோம். இப்போது தினமும் சார்ட்டில் ஏறுவது சோஃபா மட்டும்தான்.

1985இல் வந்த அபாச்சி 2, முதல் 24 மணி நேரத்தில் 12 உடல் அளவுகள் ஒவ்வொன்றிலும் பதிவான மிக மோசமான எண்ணோடு வயது, நாள்பட்ட நோய் இரண்டையும் கூட்டி 71க்கு மதிப்பெண் தரும். இரண்டு முறையிலும் மதிப்பெண் ஏற ஏற ஆபத்து அதிகம். 1996இல் வந்த சோஃபா நுரையீரல், ரத்த உறைவு, கல்லீரல், ரத்த ஓட்டம், மூளை, சிறுநீரகம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போடும், மொத்தம் 24. வயது விஷயத்தில் அபாச்சிதான் மேல். 75ஐத் தொட்டவருக்கு அதில் 6 மதிப்பெண் ஏறிவிடும். சோஃபாவுக்கு இருபதும் எண்பதும் ஒன்றுதான்.

ஆனாலும் என் ஓட்டு சோஃபாவுக்கே. அபாச்சியில் எடுக்காத பரிசோதனையை இயல்பு என்று வைத்து பூஜ்யம் போடுவதே வழக்கம். நள்ளிரவில் பண்ருட்டிப் பக்கமிருந்து மூச்சுத்திணறலோடு ஒருவர் வருகிறார். ஏபிஜி (தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் போன்ற வாயுக்களை அளக்கும் பரிசோதனை) எடுக்க முடியவில்லை என்றால் ஆக்சிஜனுக்குப் பூஜ்யம். ஆள் மோசம், மதிப்பெண் நல்லது! போதாக்குறைக்கு, மிக மோசமானவர்களில் பலர் 24 மணி நேரம் முடியும் முன்பே புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். அவர்களின் கணக்கு பாதியில் நிற்கும்.

சோஃபாவிலும் ஓட்டை உண்டு. கல்லீரலுக்கான பிலிருபின் ரத்தப் பரிசோதனையை யாரும் தினமும் அனுப்புவதில்லை. முந்தைய நாள் அளவையே எழுதிக்கொள்கிறோம். ஏபிஜி இல்லாதபோது விரல் கிளிப் காட்டும் ஆக்சிஜன் அளவை வைத்துத் தோராயமாகப் போடலாம். ஆனால் ஆறே வரிகள் என்பதால், எது விடுபட்டது என்பது ட்யூட்டி சிஸ்டருக்கே பார்த்தவுடன் தெரியும்.

இன்னொன்று, மறுநாளும் போடலாம். முதல் 48 மணி நேரத்தில் சோஃபா ஏறினால், தொடக்கத்தில் எவ்வளவு இருந்தாலும், இறப்பு குறைந்தது 50 சதவீதம் என்று 2001இல் வெளியான பெல்ஜிய ஆய்வு சொன்னது. "பொழைச்சுக்குவாரா டாக்டர்?" என்று கேட்பவரிடம் அந்த எண்ணை நான் சொல்வதில்லை, 'நேற்றைவிட இன்று எப்படி' என்று சொல்ல சோஃபா உதவுகிறது.

பூச்சிமருந்து குடித்து வருபவர்களிடம் மட்டும் எனக்கு இரண்டின் மேலும் சந்தேகம்தான். அவர்களுக்கு முறிவு மருந்தாகத் தரும் அட்ரோபின் நாடித்துடிப்பை ஏற்றிவிடும், அபாச்சி அதையும் நோயென்று எண்ணும். மயக்க மருந்தில் இருப்பவரின் சுயநினைவு மதிப்பெண்ணோ இரண்டையும் கெடுக்கும்.

ஒரு மணி நேரத்துக்குள் போடக்கூடிய சாப்ஸ் 3 என்ற இன்னொரு மதிப்பெண் முறையை நாங்கள் போட்டதில்லை, அதனால் படித்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். வருடாந்திரத் தணிக்கைக்கு அபாச்சியை இன்னும் கைவிடவில்லை, 24 மணி நேரம் எங்களிடமே இருந்தவர்களுக்கு மட்டும்.