பைக்ஸ் பீக் மலைச்சாலை: ரேஸ் ரசிகர்கள் ஒருமுறையாவது ஓட்ட வேண்டிய வழி

அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கும் இந்தச் சாலையில் கட்டணம் கட்டிவிட்டு நம் காரிலேயே உச்சி வரை போகலாம். 1916 முதல் மலையேற்றக் கார் பந்தயம் நடக்கிற அதே வழி: சுமார் 20 கிலோமீட்டர், 156 வளைவுகள், முடிவது 14,115 அடி உயரத்தில். 1988-இல் ஃபின்லாந்து ரேலி ஓட்டுநர் ஆரி வட்டானன் பூஷோ 405 காரை இங்கேதான் மண்சாலையில் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, முகத்தில் அடிக்கும் வெயிலை ஒரு கையால் மறைத்துக்கொண்டே மறு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினார். அந்த ஓட்டத்தின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்த எனக்கு, தடுப்பே இல்லாத விளிம்புகளை நேரில் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. இப்போது முழுக்கத் தார். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனாலும் அந்தப் புழுதி போனதில் எனக்கு வருத்தம் உண்டு. 2018-இல் பிரெஞ்சு ரேஸ் ஓட்டுநர் ரொமான் டுமா மின்சார ஃபோக்ஸ்வாகன் காரில் 8 நிமிடத்துக்குள் ஏறியது இந்தத் தாரில்தான்.

இறங்கும்போது கிளென் கோவ் என்ற இடத்தில் ரேஞ்சர்கள் (மலைச்சாலைக் காவலர்கள்) வண்டியை நிறுத்தி பிரேக் சூட்டை அளக்கிறார்கள், அதிகமாக இருந்தால் ஆறும்வரை விடமாட்டார்கள், அதனால் லோ கியரிலேயே இறங்குங்கள். உச்சியில் மூச்சுக்குக் காற்று குறைவு, மெதுவாக நடங்கள். அப்புறம் அங்கே டோனட் கிடைக்கும், விடாதீர்கள். கோடையில் போவதாக இருந்தால் நேரத்தை முன்பதிவு செய்தே ஆகவேண்டும்.