ஷேடோ 2 கைத்துப்பாக்கியும் அதன் ட்யூனிங்கும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

செக் நாட்டின் சிஇசட் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஷேடோ 2 கைத்துப்பாக்கியை, சிவப்புப் புள்ளிக் காட்டி பொருத்தும் வசதியுள்ள வடிவத்தில் வாங்கி, ஓராண்டுக்கும் மேலாக டெக்சாஸில் யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்க நடைமுறைத் துப்பாக்கிச் சுடும் சங்கம்) போட்டிகளின், அத்தகைய காட்டிக்கு இடமளிக்கும் கேரி ஆப்டிக்ஸ் பிரிவில் பயன்படுத்தி வருகிறேன். துப்பாக்கியைப் பற்றி மட்டும் எழுதுவதானால் இரண்டு பத்திகளில் முடித்துவிடலாம். அதன் உள்ளே மாற்றிய சுருள்வில்கள், ட்ரிகர் வேலைக்காக ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கிகளைச் சீரமைக்கும் வல்லுநர்) கொடுத்த பணம், இடுப்பில் கட்டும் பெல்ட் முதல் மேகசினின் அடித்தட்டு வரை வாங்கிச் சேர்த்தவை ஆகியவற்றில் எது மதிப்பெண்ணாகத் திரும்பி வந்தது, எது ஆசைக்குச் செய்த செலவாகவே நின்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டின் கணக்கு தெரியாவிட்டால் ட்யூனிங்கைப் பற்றிய எந்தக் கருத்தையும் எடைபோட முடியாது. 1976-இல் மிசோரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் தொடங்கிய ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடும் கூட்டமைப்பு) அமைப்பிலும் அதன் அமெரிக்கக் கிளையான யுஎஸ்பிஎஸ்ஏவிலும் பொதுவாக, பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுத்துக் கிடைக்கும் எண்ணே, அதாவது ஹிட் ஃபேக்டரே, ஒருவருடைய ஆட்டத்தை முடிவு செய்கிறது. கேரி ஆப்டிக்ஸில் அனைவருக்கும் மைனர், அதாவது வலுக்குறைந்த தோட்டாவுக்கான மதிப்பீடுதான். இலக்கு அட்டையின் நடுவிலுள்ள ஏ வட்டாரத்துக்கு 5, அதிலிருந்து வெளியே போகப்போக சி-க்கு 3, டி-க்கு 1, தவறவிட்டால் 10 புள்ளி கழிவு. 12 அட்டைகள், 24 குண்டுகள் கொண்ட ஒரு ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்று) 20 ஏ, 4 சி எடுத்து 16 விநாடிகளில் முடித்தால், 112 புள்ளிகளை 16-ஆல் வகுக்க 7.00 வரும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மறுபடியும் தேவைப்படும்.

பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே இந்தத் துப்பாக்கி போட்டிக்குத் தகுதியானது. முழு எஃகு உடல், சுமார் 1,330 கிராம் எடை, 119.5 மி.மீ. குழல். ஸ்லைடு உடலின் வெளிப்புறமாக அல்லாமல் உட்புறத் தடங்களில் ஓடும் பழைய சிஇசட் 75-இன் அமைப்பு இதிலும் தொடர்கிறது. அதனால் ஸ்லைடு தாழ்ந்து அமர்கிறது, கையும் குழலின் கோட்டுக்கு நெருக்கமாக உயர்ந்து பிடிக்கிறது. சுட்டவுடன் முனை எழும்புவது குறைவாக இருப்பதற்கு எடை பாதிக் காரணம் என்றால் இந்த அமைப்பு மீதிக் காரணம். ஒரே குறையாக நான் சொல்வது, ஸ்லைடின் வெளித்தெரியும் பரப்பு குறைவாக இருப்பதால் வியர்த்த கையால் அதைப் பற்றி இழுப்பது சற்றுக் கடினம் என்பது. ஆகஸ்ட் மாத வெயிலில் இங்கே எல்லாருடைய கையும் வியர்த்த கைதான்.

முதல் குண்டு டபுள் ஆக்‌ஷனில் (ட்ரிகரே சுத்தியலைப் பின்னிழுத்து விடுவிக்கும் கனமான இழுவை) செல்ல வேண்டும் என்பது இந்தப் பிரிவில் இவ்வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஏற்கும் சுமை; அடுத்தவற்றுக்கு ஸ்லைடே சுத்தியலைப் பின்தள்ளிவிடுவதால் இழுவை லேசாகிறது, அதுவே சிங்கிள் ஆக்‌ஷன். 'மேக் ரெடி' (தயாராகு) என்ற நடுவரின் கட்டளைக்குப் பின் குண்டேற்றிச் சுத்தியலை முழுவதுமாக இறக்கிய பிறகுதான் உறையில் வைக்கலாம். இதில் சுத்தியலை இறக்கும் நெம்புகோல் கிடையாது; முனையை மண்மேட்டை நோக்கி வைத்து, கட்டைவிரலால் சுத்தியலைத் தாங்கிக்கொண்டு, ட்ரிகரை அழுத்தி, மெல்ல இறக்கியாக வேண்டும். விரல் வழுக்கிக் குண்டு வெடித்தால் அன்றைய போட்டி அத்துடன் முடிந்தது. இதை முதல் மாதத்தில் குண்டில்லாத துப்பாக்கியில் மாலைதோறும் செய்து பழகினேன். வாங்க எண்ணுபவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன், எந்த உதிரிப்பாகத்தையும் வாங்குவதற்கு முன்பாக.

இனி ட்ரிகர் வேலை. என் இழுவை அளவியில் தொழிற்சாலை நிலையில் டபுள் ஆக்‌ஷன் 8 பவுண்டுக்குச் சற்று மேலும், சிங்கிள் ஆக்‌ஷன் மூன்றரைப் பவுண்டும் காட்டின. சுத்தியலும் அதைப் பிடித்துவைத்திருக்கும் சியரும் சந்திக்கும் முகங்களைத் தேய்ப்பது நான் வீட்டு மேசையில் செய்யத் துணிந்த வேலை அல்ல. அந்தக் கோணம் மயிரிழை பிசகினாலும் ஒரு அழுத்தத்துக்கு இரண்டு குண்டுகள் போகலாம். அப்படிப்பட்ட துப்பாக்கி பாதுகாப்பற்றது என்று போட்டியிலிருந்து விலக்கப்படும், அதற்கு முன் யாருக்காவது காயம் நேராதிருந்தால். ஆகவே எங்கள் மாநிலத்திலேயே உள்ள ஒரு கன்ஸ்மித்திடம் கொடுத்தேன். மூன்று வாரம் என்றார், ஐந்து வாரம் ஆயிற்று. வேலையில் குறை சொல்ல இடமில்லை: ட்ரிகரின் முன்னோட்டத் தளர்வு குறைந்தது, அடுத்த குண்டுக்காக அது மீளும் தூரம் பாதியளவாகச் சுருங்கியது, இழுவை முழுவதும் எண்ணெயில் நழுவுவதுபோல் சீரானது. 11.5 பவுண்டு சுத்தியல் வில்லும் சற்று நீளமான குத்தூசியும் பொருத்தித் தந்தபின் டபுள் ஆக்‌ஷன் 6 பவுண்டுக்குக் கீழும், சிங்கிள் ஆக்‌ஷன் இரண்டே கால் பவுண்டுக்கும் வந்தன. வீட்டில் வெறுமனே அழுத்திப் பார்ப்பதற்கே இன்பமாக இருந்தது. அந்த இன்பம்தான் என்னை ஏமாற்றியது.

இரண்டாவது போட்டியின் மூன்றாவது ஸ்டேஜில், ஒலி கேட்டு உருவி, காட்டியின் சிவப்புப் புள்ளி அட்டையின் நடுவில் அமர்ந்ததும் அழுத்தினேன். சுத்தியல் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கணம் செவிக்காப்பு பழுதாகிவிட்டதோ என்றே தோன்றியது. பழக்கத்தின்படி மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, வெடிக்காத தோட்டாவை வெளியேற்றி மறுபடி சுடுவதற்குள் இரண்டு விநாடிகள் போய்விட்டன. மேலே சொன்ன கணக்கில் வைத்துப் பாருங்கள்: அதே 112 புள்ளிகளை 18-ஆல் வகுத்தால் 6.22, அதாவது சுமார் 11 சதவீத இழப்பு. இலகுவான ட்ரிகரின் புண்ணியத்தால் இரண்டு சி, ஏ-ஆக மாறினால் கிடைப்பது 116-ஐ 16-ஆல் வகுத்த 7.25, மூன்றரைச் சதவீதத்துக்குச் சற்று அதிகமான ஆதாயம். ஒரு முறை வெடிக்காமல் போனால் மூன்று ஸ்டேஜ்களில் சேர்த்த ஆதாயம் கரைந்துவிடுகிறது. அன்று எனக்கு இரண்டு முறை அப்படி நடந்தது.

பொறுக்கியெடுத்த அந்தத் தோட்டாக்களை உள்ளங்கையில் வைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தபோது, பிரைமரின் (ஊசி அடித்ததும் பற்றும், தோட்டாவின் அடியிலுள்ள சிறு வில்லை) நடுவே குழி இருந்தது, ஆனால் ஆழமில்லை. ஊசி பட்ட இடம் என்பதைவிடத் தொட்ட இடம் என்று சொல்லலாம். காரணங்கள் மூன்று. டபுள் ஆக்‌ஷனில் சுத்தியல் விழும் தூரம் சிங்கிள் ஆக்‌ஷனைவிடச் சற்றுக் குறைவு என்பதால், வில் வலுக்குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது முதல் குண்டுதான். அடுத்து, எல்லா பிரைமர்களும் ஒரே கடினத்தில் இருப்பதில்லை. மெல்லிய வில்லுடன் சுடுபவர்கள் ஃபெடரல் பிரைமரைத் தேடிப்போவது அது மென்மையானது என்பதால்தான், நானோ அப்போது கடையில் மலிவாகக் கிடைத்த வேறொன்றைப் பயன்படுத்தினேன். மூன்றாவதை ஒப்புக்கொள்ளச் சற்று வெட்கமாக இருக்கிறது. ரேஞ்சின் பயிற்சித் தடத்தில் அதே தோட்டாக்களில் ஒன்றை மறுபடி ஏற்றிச் சுட்டபோது வெடித்தது. முதல் அடி பிரைமரை அதன் குழிக்குள் முழுவதுமாக உட்கார்த்தியது, இரண்டாவது அடிதான் பற்றவைத்தது என்று பொருள். தோட்டாக்களை நானே தயாரிக்கிறேன்; அதற்கான குண்டு நிரப்பும் இயந்திரத்தின் நெம்புகோலை நான் கடைசிவரை தள்ளாமல் விட்டதன் விளைவு அது. கன்ஸ்மித்துக்கோ துப்பாக்கிக்கோ இதில் பங்கில்லை.

இப்போது 13 பவுண்டு வில் பொருத்தியிருக்கிறேன். டபுள் ஆக்‌ஷன் அரைப் பவுண்டுக்கு மேல் கூடியது. அந்த வேறுபாட்டை அளவி காட்டுகிறது, டைமர் காட்டவில்லை. நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவின் அடிப்பகுதியையும் விரல்நுனியால் தடவிப் பார்த்தே பெட்டியில் அடுக்குகிறேன். அதன் பிறகு ஒருமுறையும் வெடிக்காமல் போகவில்லை. கன்ஸ்மித் செய்த மெருகேற்றமும் மீளும் தூரத்தைச் சுருக்கியதும் அப்படியே இருக்கின்றன. கொடுத்த பணத்தின் மதிப்பு அவற்றில்தான் இருந்தது, பவுண்டுக் கணக்கில் இல்லை. ஒரு குறை: 11.5 பவுண்டு வில்லைப் பொருத்தும்போதே எந்தப் பிரைமரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் சேவைக்கு முழு மதிப்பெண் தர மனமில்லை.

ஸ்லைடைத் திரும்ப முன்தள்ளும் பின்னியக்க வில்லை மாற்றியது மிகக் குறைந்த செலவில் மிகத் தெளிவாகப் புலப்பட்ட மாற்றம். 147 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 890 அடி வேகத்தில் செலுத்தினால் பவர் ஃபேக்டர் (குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்த எண்) 130.8, மைனருக்குத் தேவையான 125-ஐ நிம்மதியாகத் தாண்டும், குளிர்நாளில் வேகம் சற்றுக் குறைந்தாலும் கவலையில்லை. தாழ்ந்துபோனால் மதிப்பெண்ணே கிடையாது என்பதால் விளிம்பில் நின்று மென்மையைத் தேடுவது புத்திசாலித்தனம் அன்று. இந்தத் தோட்டாவுக்குத் தொழிற்சாலை வில் வலுவானது: ஸ்லைடு திரும்பி அறையும்போது முனை கீழே குனிந்து, புள்ளி அட்டையின் வயிற்றுக்கு இறங்கி மறுபடி ஏறியது. 11 பவுண்டு வில்லுடன் புள்ளி மேலே எழுந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. 10 பவுண்டும் முயன்றேன். எழுச்சி சோம்பலாகத் தெரிந்ததால் திரும்பினேன். இது ஆளுக்கு ஆள், தோட்டாவுக்குத் தோட்டா மாறும். வில்களின் விலை குறைவு என்பதால் சிலவற்றை வாங்கிச் சோதிப்பதே நல்லது.

சிவப்புப் புள்ளிக் காட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருகுகளை அளவிட்ட முறுக்கு விசையில் இறுக்கி, தலைக்கும் உடலுக்கும் குறுக்கே வெள்ளைப் பூச்சால் ஒரு கோடு இட்டுவைத்தால், தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்தக் கோடு இல்லாத நாளில் 15 கெஜத்தில் என் குண்டுகள் இடப்பக்கம் ஒதுங்கியதற்கு ட்ரிகர் விரலைக் குறைகூறி ஒரு மாலை முழுவதும் வீணடித்தேன்.

மேகசின்தான் பலரும் கவனிக்காத இடம். இந்தப் பிரிவில் மேகசினின் நீளம் 141.25 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. அளவுச்சட்டத்துக்குள் நுழையாவிட்டால் ஓப்பன் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே குழல்முனையில் வாயுத் துளைகள் வைத்த பந்தயத் துப்பாக்கிகளுடன் போட்டியிட வேண்டும். நான் வாங்கிய நீட்டிப்பு அடித்தட்டுகளில் ஒன்று, விளம்பரத்தில் விதிக்குட்பட்டது என்று எழுதியிருந்தும், சட்டத்தில் சிக்கி நின்றது. நல்லவேளையாக அது நடந்தது என் வீட்டில். அளவுச்சட்டம் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டு வாங்கிய அன்றே, குண்டுகளை முழுவதுமாக நிரப்பிய நிலையில் சோதியுங்கள், ஏனெனில் நிரப்பியபின் தட்டு சற்றுப் புடைக்கிறது. ஒவ்வொரு மேகசினுக்கும் எண் எழுதுவதும் அவசியம். சிக்கல் செய்யும் ஒன்று எப்போதும் இருக்கும். எண் இல்லாவிட்டால் ஐந்தையும் சந்தேகிக்க நேரும்.

பெல்ட்டில் நான் முதலில் கஞ்சத்தனம் செய்தேன். சாதாரணத் தோல் பெல்ட்டில் இவ்வளவு எடையுள்ள துப்பாக்கி தொங்கினால், உருவும்போது உறையும் சேர்ந்து இரண்டு விரற்கடை மேலே வருகிறது. அந்த இரண்டு விரற்கடையும் ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறது. உள்ளே ஒட்டுப்பட்டை, மேலே விறைப்பான வெளிப்பட்டை என்ற இரட்டை அமைப்புக்கு மாறிய வாரத்திலேயே உருவும் நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அதைவிட முக்கியமாக, கை போகும் இடத்தில் பிடி இருந்தது. கைப்பிடிப் பலகையில் ஒட்டிய சொரசொரப்பான தாளும் அதே வகை: விலை குறைவு, பயன் உடனடி, ஒரே தீங்கு சட்டைகளின் இடுப்புப் பகுதி நூல் நூலாகப் பிரிவது. வீட்டில் அதற்காக நான் கேட்ட பேச்சை இங்கே எழுதவில்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்குவதானால் பெல்ட், பின்னியக்க வில்கள், அளவுச்சட்டம், கைப்பிடித் தாள் என்ற வரிசையில் வாங்கி, ஆறு மாதம் அப்படியே சுட்டுவிட்டு, அதன் பிறகே துப்பாக்கியை கன்ஸ்மித்திடம் அனுப்புவேன்; அனுப்பும்போது நான் சுடும் தோட்டாக்களில் இருபதையும் கூடவே அனுப்பி, இவை வெடிக்கும் வரைக்கும் மட்டும் இலகுவாக்குங்கள் என்று தாளில் எழுதிவைப்பேன். கழற்றிய 11.5 பவுண்டு வில் ரேஞ்ச் பையின் ஓரத்தில் ஒரு சிறு உறைக்குள் கிடக்கிறது. வாங்கிக்கொள்ள நண்பர் ஒருவர் கேட்டார். எந்தப் பிரைமர் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.